அருவிக்கு முன்னால் ஒரு படம்

"நிமிர்ந்து நில்லும்மா. நம்ம வீட்டுப் பொண்ணு கூன் போட்டுக்கிட்டா நிக்கிறது?" என்றார் அப்பா, செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி.

ஊரை ஒட்டிய அருவிக்குக் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அம்மாவுக்கும் அண்ணனுக்கும் ஆளுக்கொரு படம்தான். மகளை மட்டும் பாறைமேல், மரத்தடியில், பாலத்தில் என்று நிறுத்தி நிறுத்தி எடுத்தார்.

"எனக்கு மாப்பிள்ளை தேடத்தான் இந்தக் கூத்தெல்லாம்" என்று அம்மாவின் காதைக் கடித்தாள் மகள். தான் விரும்புகிறவனைப் பற்றி அவள் அப்பாவிடம் சொல்லி ஒரு மாதமாகிறது. அவர் இன்னும் வாய் திறக்கவில்லை.

"சும்மா சிரிச்சிட்டு நில்லுடி."

சிரித்தாள். ஆனால் படம் எடுக்கும் நொடியில் எல்லாம் இரண்டு கருவிழிகளையும் மூக்குப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இதைப் பார்த்து எவன் வருகிறான், பார்க்கலாம்!

திரும்பும்போது அண்ணன் காரை ஓட்ட, முன்சீட்டிலிருந்து அப்பா சொன்னார்: "ஒரு படமாவது உருப்படியா இல்ல. இருந்ததுல ஒண்ணை அனுப்பிட்டேன்."

"யாருக்கு?"

"நீ சொன்ன பையனோட அம்மாவுக்குத்தான். போன வாரம் அவங்க வீட்டுக்குப் போய்ப் பேசினேன். கௌரவமான குடும்பம். உன் படம் கேட்டாங்க."

"ஐயோ அப்பா! அண்ணே, வண்டியைத் திருப்பு! வேற படம் எடுக்கணும்!"

"எதுக்கு? பதிலே வந்தாச்சு" என்று செல்போனைப் பின்னால் நீட்டினார் அப்பா.

'பொண்ணை எங்களுக்குப் பிடிச்சிருக்கு. கண்ணைப் பத்திக் கவலைப்படாதீங்க. என் பையன் கண் டாக்டர்தானே, அவனே சரி பண்ணிடுவான்.'