முகரக் கொடுத்த புகை

காய்ச்சல் வந்து போனதிலிருந்து என் மனைவி பூரணிக்கு வாசனை தெரிவதில்லை. நைல் நதியில் நாங்கள் போன பாய்மரப் படகில், இத்ரீஸ் என்ற நூபியப் படகோட்டி காப்பிக்கொட்டை வறுத்தார். வறுத்த சட்டியை விருந்தாளியின் மூக்கருகே நீட்டிப் புகையை முகரக் கொடுப்பது அவர்கள் வழக்கம். நடுவில் காற்று திரும்பியது. அவர் பாயை இழுத்துக் கட்டி வருவதற்குள் கொட்டை கருகிவிட்டது. ஆற்றில் கொட்டச் சட்டியைத் தூக்கினார். தன்னிடம்தான் நீட்டுகிறார் என்று நினைத்துப் பூரணி கண்ணை மூடிக் குனிந்தாள்.

“தெரியுதுங்க. அப்படியே நம்ம வீட்டுக் காப்பி வாசம். இனியாவது டாக்டர் டாக்டர்னு அலையாதீங்க.”

கருகல் நெடியில் எனக்குத் தொண்டை கமறியது. இத்ரீஸ் சட்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் கருகியதையே உரலில் போட்டு இடிக்கத் தொடங்கினார்.