இரியாவின் வியாழக்கிழமைகள்

"நாளைக்கும் அந்த என்சியோ வீட்டுக்கா?"

தைஸ்தோ கேட்ட சூட்டில் ரொட்டியின் வெண்ணெய் உருகி மேசையெல்லாம் ஓடியது.

"வியாழக்கிழமைன்னா போவேன்னு தெரியாதா? கம்ப்யூட்டர்ல லினக்ஸ் சிஸ்டம் கத்துக்க வேண்டாமா?" மனைவி இரியா பூட்ஸை மாட்டினாள்.

"ரெண்டு வருஷமா? அதுக்குள்ள நீயே புதுசா ஒண்ணு எழுதியிருக்கலாம்!"

"படம் சேமிக்க வாங்கின புது டிஸ்க்கை என்சியோ பிரிச்சு ஃபார்மேட் பண்ணித் தருவார். நீ தொட்டுடாதே." காளான் கூடையுடன் அவள் காட்டுக்குக் கிளம்பினாள்.

என்சியோ செய்வானாமே! துர்க்கு நகரக் கப்பல் கட்டும் தளத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவன் தைஸ்தோ. கப்பலையே தூக்கியவனுக்கு உள்ளங்கை அகல டிஸ்க் ஒரு பொருட்டா?

புது டிஸ்க்கைக் கணினியில் செருகினான். பக்கத்திலேயே பழையது. அதில் இரியா இருபத்திரண்டு வருடமாக எடுத்த நாற்பதாயிரம் காளான் படங்கள்; அடுத்த மாதம் புத்தகமாக அச்சேறப்போகிறவை. திரையில் ஒன்றின் பெயர் sdb, மற்றது sdc. புதுசு b என்று முடிவு கட்டினான்.

'எல்லாம் அழிந்துவிடும், உறுதியா?' என்று திரை மூன்று முறை கேட்டது. மூன்று முறையும் என்சியோவின் மூக்கில் குத்துவதுபோல் 'ஆம்' என்று குத்தினான்.

முடிந்ததும் திறந்து பார்த்தான். புது டிஸ்க் புதிதாகவே இருந்தது. காளான்களைத்தான் காணோம்.

என்சியோ வீட்டுக்கு அவன் சைக்கிள் மிதித்த வேகத்தில் ஆற்றோரக் கடற்காகங்கள் ஒதுங்கி வழிவிட்டன.

"என்சியோ! இரியா படத்தையெல்லாம் அழிச்சுட்டேன்யா! இன்னியோட என் குடும்பம் காலி. எப்படியாவது மீட்டுக் குடு. வியாழக்கிழமை என்ன, வாரம் முழுக்க அவ இங்கேயே இருக்கட்டும், ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்!"

என்சியோ நிதானமாக அலமாரியைத் திறந்து ஒரு டிஸ்க்கை எடுத்தான். "போன வாரம் வரைக்கும் மொத்தமும் இதுல இருக்கு. வாராவாரம் அவ இங்க வர்றதே நகல் எடுத்து வைக்கத்தான்."

தைஸ்தோ அப்படியே நாற்காலியில் சரிந்தான். "வீடு தீப்பிடிச்சா என்ன பண்றதுன்னு பயமா?"

"தீயாவது, திருட்டாவது! 'என் வீட்டுக்காரன் என்னிக்காவது பொறாமை தாங்காம, நானே பண்றேன்னு உட்காருவான்'னு பயம். இன்னிக்கு மதியத்துக்குள்ள நீ ஓடி வருவே, காபி போட்டு வைன்னு காலையிலேயே போன்ல சொல்லிட்டா."