அந்த ஐம்பது கிராம்

"அழகரே, இந்த அம்பது கிராம் கல்லையும் சேர்த்துக் கட்டு," என்றார் அஞ்சுவின் அப்பா சிவராமகிருஷ்ணன்.

அஞ்சுவுக்குச் சுருக்கென்றது. மறுநாள் ஆலுவாவில் துப்பாக்கி சுடும் போட்டி. அவளுடைய பாயிண்ட் டூ டூ ரைஃபிளின் பழைய விசை சரியான முரடு. இழுக்கும்போதே குறி தவறிவிடும். புது விசை வேண்டும் என்று வாய் திறந்த வாரமே அப்பா வாங்கித் தந்துவிட்டார். அதை நினைத்தாலே அவளுக்குக் கண் நிறைந்துவிடும். ஆனாலும் இப்போது இப்படிக் குறுக்கே நிற்கிறாரே.

"அப்பா, விசை எவ்வளவு லேசோ அவ்வளவு நல்லது. ஒன்றரை கிலோவுக்குக் குறையக் கூடாது, அதான் ரூல். அதுக்குச் சரியா வச்சாப் போதும்."

அழகர் மட்டாஞ்சேரி கிளப்பில் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவர். கிளப்பின் சோதனை எடை போட்டிக்காக முன்கூட்டியே ஆலுவா போய்விட்டது. அதனால் சிவராமகிருஷ்ணன் தன் சுக்கு, மிளகுக் கடையிலிருந்து ஒரு கிலோ, அரைக் கிலோ இரும்பு எடைக்கற்களைத் துணிப்பையில் தூக்கி வந்திருந்தார். தோட்டா இல்லாத ரைஃபிளை நிமிர்த்திப் பிடித்து, விசையில் கற்களைத் தொங்கவிட்டுத் தூக்க வேண்டும். 'க்ளிக்' என்று விழாமல் விசை தாங்கினால் சரி. அழகர் திருகாணியோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டி, அந்தக் கற்களை மட்டுமட்டாகத் தாங்கும்படி அப்போதுதான் வைத்து முடித்திருந்தார்.

"கரெக்டா நிக்குது சேட்டா. வெறுதே எதுக்குக் கூட்டணும்?"

"எதுக்கும் இருக்கட்டும்பா. நாளைக்கு எடை குறையுதுன்னு புள்ளைய வெளிய அனுப்பிட்டா?" அப்பா யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார்.

கடையில் கொசுறுகூடக் கொடுக்காத மனிதருக்கு இன்று என்ன தாராளம் என்று அஞ்சு நினைத்தாள்.

அழகர் அதையும் கட்டித் தூக்கினார். க்ளிக். அதையும் தாங்கும்வரை மறுபடி திருகாணியை இறுக்கினார். அஞ்சு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தாள்.

ஆலுவாவில் பரிசோதகர் ஷபானா, மின்னணு எடைமானியை விசையில் மாட்டி இழுத்தார்.

"ஆயிரத்து ஐந்நூத்தி ரெண்டு கிராம். தப்பிச்சே மோளே. இன்னும் மூணு கிராம் குறைஞ்சிருந்தா வீட்டுக்குத்தான்."

அஞ்சுவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பதல்லவா காட்ட வேண்டும்? கூட வந்த அழகரும் தலையைச் சொறிந்தார். யோசிக்க நேரமில்லை. புது விசை சொன்னபடி கேட்டது. சாயங்காலம் வெள்ளிப் பதக்கத்தோடு நேரே கடைக்கு ஓடினாள்.

"அப்பா, நீங்க மட்டும் சொல்லலேன்னா வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்பாங்க. நான்தான் புரியாம மூஞ்சியக் காட்டிட்டேன். எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல." மூச்சு வாங்கினாள். "ஆனா, குறையும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அப்பா பதக்கத்தைக் கையில் வாங்கி, தராசின் பக்கம் திரும்பினார். தராசுத் தட்டில் அரசு முத்திரையுடன் புத்தம் புதுக் கற்கள் உட்கார்ந்திருந்தன. பழைய கற்கள் மூலையில் கவிழ்ந்து கிடந்தன. அவற்றின் அடியில், எடையைச் சரிக்கட்டும் ஈயம் இருக்க வேண்டிய குழிகள் ஆழமாகச் சுரண்டப்பட்டிருந்தன.

"ஊருக்கெல்லாம் குறைச்சு நிறுத்துட்டேன் அஞ்சு," என்றார். "உனக்கு மட்டும் மனசு வரல."