ஐந்து வருடக் கண்காணிப்பு

"க்ரிஷ் வெளிய வந்ததும் நேரா வீட்டுக்குத்தானே கூட்டிட்டுப் போறீங்க யாமினி? எடிசன்ல அதே வீடுதானே?"

கோர்ட் வராந்தாவில் யாமினியின் கையைப் பிடித்துக்கொண்டு ப்ரியம்வதா விசாரித்தாள். பக்கத்தில் நின்ற அவள் கணவர் செழியனுக்கு ரத்தம் கொதித்தது. அவர்கள் மகள் வெண்பாவை அடித்தே கொன்றவனின் அம்மாவிடம் இவளுக்கு என்ன குசலம்?

"அதே வீடுதாங்க. அவன் ரூமை அப்படியே வெச்சிருக்கோம்." யாமினி அழுதாள்.

பிரிந்துவிடலாம் என்று வெண்பா சொன்ன ஒரு வார்த்தைக்காக, க்ரிஷ் அவளைப் பார்க்கிங் லாட்டில் பேஸ்பால் மட்டையால் பதினோரு முறை அடித்தான். அதில் எட்டு அடி, அவள் கீழே விழுந்த பிறகு. முகம் என்று ஒன்று மிஞ்சவில்லை. கால் விரல்களைப் பார்த்துத்தான் செழியன் தன் மகளை அடையாளம் சொன்னார்.

திட்டமிட்ட கொலை இல்லையென்று பத்து வருடம்தான் கிடைத்தது. எட்டரை வருடம் உள்ளே இருந்துவிட்டான், சட்டப்படி அது போதும், அடுத்த மாதம் விடுதலை. வெளியே வந்ததும் ஐந்து வருடம் பரோல் அதிகாரியின் கண்காணிப்பில் இருக்கவேண்டும் என்பதைப் பழைய தீர்ப்பில் எழுத மறந்துவிட்டார்கள். அதைச் சேர்க்கத்தான் இன்றைய விசாரணை.

இத்தனை வருடம் கழித்துத் தண்டனையைக் கூட்டுவது நியாயமில்லை என்று க்ரிஷின் வக்கீல் வாதாடினார். பெண்ணைப் பெற்றவர்கள் பேசலாம் என்றார் நீதிபதி.

செழியன் எழுவதற்குள் ப்ரியம்வதா எழுந்துவிட்டாள். நிறுத்தி நிதானமாக இங்கிலீஷில் சொன்னாள்: கண்காணிப்பு வேண்டாம், அந்தப் பையனை யாரும் பின்தொடர வேண்டாம், அவனை விட்டுவிடுங்கள்.

விலங்கு மாட்டிய கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு க்ரிஷ் தேம்பினான். அரை மணி நேரம் கழித்து நீதிபதி தீர்ப்பை வாசித்தார். கண்காணிப்பு இல்லை.

காரில் ஏறியதும் செழியன் ஸ்டீயரிங்கை ஓங்கிக் குத்தினார்.

"நம்ம பொண்ணு மண்டையை உடைச்சவனுக்கு நீ பரிஞ்சு பேசுறியா? ஆபீசர் பின்னாடியே இருந்தா அஞ்சு வருஷமாவது பயந்து கெடந்திருப்பான்ல?"

ப்ரியம்வதா சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"ஆபீசர் பின்னாடியே இருந்தா, நாம எப்படிங்க அவனைக் கொல்றது?"