குதிரைச் சேணத்தில் ஒரு பெயர்

லண்டனில் வெளிவந்த அந்தப் போர்க்கதை காமிக்ஸ் வார இதழில், படம் வரைகிறவர் பெயர் வரக்கூடாது. எங்காவது ஒளித்து எழுதியிருந்தால், தேடிப்பிடித்து வெள்ளை மை பூசுவது மாரீனின் வேலை.

கௌபாய் தொடர் வரையும் பார்ஜெட்டர்தான் அவளோடு வாராவாரம் மல்லுக்கட்டுவார். பீப்பாயிலோ மதுக்கடைப் பலகையிலோ பொடி எழுத்தில் 'டெரி' என்று இருக்கும். மாரீனும் விட்டதில்லை.

டாங்கிச் சண்டை கேட்கும் வாசகர்களுக்குக் குதிரை பிடிக்கவில்லை. ஆறே வாரத்தில் தொடருக்கு மூடுவிழா. கடைசிப் பக்கத்தை பார்ஜெட்டரே கொண்டுவந்தார்.

"சேணத்துலயா ஒளிச்சீங்க? மாட்டிக்கிட்டீங்க சார்!"

"இந்த ஒரு தடவை விட்டுடும்மா."

"ஆசிரியர் என்னைத் தொலைச்சிடுவார்." பூசிவிட்டுச் சிரித்தாள். "பேர் மேல உங்களுக்கு அப்படி என்ன சார் ஆசை?"

"டெரி என் பையன்மா. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே, புத்தகம் வந்ததும் அவன் பேரைத் தேடுவான். போர்க்கதைன்னா பயம், அதான் கௌபாய் வரைஞ்சேன். 'அடுத்த வாரம் கண்டிப்பா வரும்டா'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

மாரீனின் முகம் சுருங்கியது. "ஆசிரியர் கால்ல விழுந்தாவது இந்த வாரம் வர வைக்கிறேன் சார். அவன் பார்க்கட்டும்."

"புத்தகத்துல வேணாம்மா. அச்சுக்குப் படம் எடுத்ததும் இந்தத் தாளை மட்டும் திருப்பிக் குடுத்துடு. நாளைக்கு அடக்கம். அவன் பெட்டியில வைக்கணும்."

மாரீன் பிளேடை எடுத்துப் பதறிப்பதறிச் சுரண்டினாள்.

வெள்ளையோடு சேர்ந்து டெரியும் உரிந்து வந்துவிட்டான்.