தொண்ணூற்றெட்டு மார்க்

“தொண்ணூத்தெட்டு மார்க் சார்! இளவட்டங்களை எல்லாம் ஓரங்கட்டிட்டீங்களே!” டீன் ஒடோய் சான்றிதழைக் கொடுத்துக் கையைக் குலுக்கினார். பேராசிரியர் முகரூரா அதைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டார்.

வாழை நோய்களைப் பற்றிப் பேசி உலகம் சுற்றி வந்தவர்தான். ஆனால் கம்ப்யூட்டர் என்றால் அவருக்குக் கைகால் உதறும். கம்பாலாவின் அந்தப் பல்கலைக்கழகமோ, கணினித் தேர்வில் தேறாதவர் துறைத் தலைவராக நீடிக்க முடியாது என்று இந்த வருடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

ஒரு வாரத்துக்குள் எங்கிருந்து வேண்டுமானாலும் தேர்வை எழுதி அனுப்பலாம். முகரூரா தன் பாஸ்வேர்டைத் துண்டுத் தாளில் எழுதி, காரியதரிசி நகிட்டோவிடம் நீட்டிவிட்டார். அன்றிலிருந்து நெஞ்சு குத்திக்கொண்டே இருந்தது. வாழைக்காய் மசியலைக்கூடத் தட்டிலேயே ஒதுக்கி வைத்தார்.

பாவம், அந்த அம்மாள். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இன்றுவரை அவர் கிறுக்கித் தள்ளுவதை எல்லாம் பிழையில்லாமல் அச்சாக்கிக் கொண்டுவந்து வைக்கிறாள்.

தாள்களின் ஓரத்தில் அடிக்கடி எண்ணெய்க் கறை இருக்கும். பல்கலைக்கழக வாசலுக்கு வெளியே, டைப் அடித்துத் தரும் கடைகளுக்கு நடுவில் சுடுகிற முட்டைச் சப்பாத்தியின் வாசனை அவற்றில் அடிக்கும். உட்கார்ந்து சாப்பிடக்கூட நேரம் கொடுக்காமல் வேலை வாங்குகிறோமே என்று அவர் பலமுறை வருந்தியிருக்கிறார்.

“நீங்க ஏம்மா தேர்வுக்குப் பேர் கொடுக்கல?” என்று போன வாரம் கேட்டார்.

“உங்க வேலையை முடிக்கவே நேரம் சரியா இருக்கு சார்” என்று தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலைதான் அவரை நிம்மதியாக இருக்க விடவில்லை.

முகரூரா சான்றிதழை டீனின் மேசையில் கவிழ்த்து வைத்தார். “இது என்னோடது இல்ல. நான் திருட்டுத்தனம் பண்ணிட்டேன். எழுதினது நகிட்டோ.”

டீனின் சிரிப்பு நின்றுவிட்டது. “நீங்களா சார் இப்படி?”

“தலைவர் பதவியை எடுத்துக்கோங்க. சாப்பிடாமக் கொள்ளாம எனக்கு உழைச்ச அந்தம்மா பேருக்கு ஒரு சான்றிதழ் கொடுங்க. அது போதும் எனக்கு.”

ஒடோய் மோவாயைத் தடவினார். “சரி, இப்பவே என் கண் முன்னால அவங்க தேர்வை எழுதட்டும். தேறிட்டா சான்றிதழ் அவங்களுக்கு, விஷயமும் நம்மோட முடிஞ்சது. தேறலேன்னா, ரெண்டு பேர் வேலையும் போயிடும்.”

“தேறாம என்ன? வாங்க!” என்று முகரூரா துள்ளி எழுந்தார். மனத்திலிருந்த பாரம் பாதி இறங்கிவிட்டது.

நகிட்டோவின் கம்ப்யூட்டரை, அவளே பின்னிய வெள்ளை நூல் விரிப்பு கசங்காமல் மூடியிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

எல்லாம் தன்னால் வந்த பயம் என்று முகரூராவுக்கு மறுபடியும் சுருக்கென்றது. “உங்களையும் இந்தத் தப்புல இழுத்துவிட்டேன், மன்னிச்சிடுங்கம்மா. பழகின வேலைதானே, பதறாம செய்யுங்க. உங்க திறமை இன்னிக்கு ஊருக்கே தெரியட்டும்.”

டீன் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். “ம், ஆரம்பிங்கம்மா.”

நகிட்டோ விரிப்பை எடுத்து நான்காக மடித்தாள். பிறகு எட்டாக மடித்தாள். கண்ணில் நீர் தளும்ப முகரூராவைச் சைகையால் அருகே அழைத்து, அவர் குனிந்ததும் காதோடு கேட்டாள்.

“சார்... இதை எங்க அமுக்கினா ஆன் ஆகும்?”