அரைச் சக்கரம்

நட்டு ஏற மறுத்தது.

காரேஜின் சிமெண்டுத் தரையில் கன்னத்தைப் பதித்து, புல்வெட்டி வண்டியின் வயிற்றுக்கடியில் கையை நுழைத்திருந்தார் வெர்லின். அறுபத்தொன்பது வயதில் இப்படிப் படுத்தால், எழுந்திருக்கத் தனியாக ஒரு திட்டம் வேண்டும். அதை அப்புறம் யோசித்துக்கொள்ளலாம்.

அதே தெருவில் குடியிருக்கும் மார்லிஸ் அம்மாள் மூன்று வீடு தள்ளி வரைக்கும் வந்துவிட்டார்.

கையில் துணி மூடிய கேக் தட்டு. ஒவ்வொரு வீட்டு காரேஜிலும் நுழைந்து, குனிந்து, வண்டியின் அடியைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடக்கிறார்.

காரணம் தெருவுக்கே தெரியும். அவர் கணவர் ஓரின் போன குளிர்காலத்தில் இறந்துபோனார். பனி கரைந்து புல் தலைதூக்கியதிலிருந்து வியாழன்தோறும் மார்லிஸ் தேவாலயப் பாட்டுப் பயிற்சிக்குப் போய்த் திரும்புவதற்குள் யாரோ அவர் வீட்டுப் புல்லை வெட்டி வைத்துவிடுகிறார்கள்.

யார் என்று யாரும் சொல்லவில்லை. அமெரிக்காவின் இந்த அயோவா மாநிலத்தில், உதவி செய்தவன் தானே வாய்திறந்து சொன்னால் அது உதவிக் கணக்கில் சேராது. மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த பிறகும் இரண்டு முறை மறுக்க வேண்டும்.

ஆனால் வெட்டியவர் ஒரு தடயம் விட்டிருந்தார். கத்திகள் சுழலும் தட்டின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்தில் சின்னச் சக்கரங்கள் இருக்கும். சமதரையில் அவை மண்ணைத் தொடக்கூடாது, அரை அங்குலம் மேலேயே நிற்க வேண்டும். மேடு வந்தால் மட்டும் உருண்டு தட்டைத் தூக்கிக் கொடுக்கும். சக்கரம் உடைந்திருந்தால் கத்தி அந்த மேட்டை மொட்டையடித்துவிடும். மார்லிஸ் வீட்டில் மேடு கண்ட இடமெல்லாம் பிறை பிறையாக மொட்டை.

உடைந்த சக்கரம் எந்த வண்டியில் இருக்கிறதோ, கேக் தட்டு அந்த வீட்டுக்கு.

மார்லிஸ் வருவதற்குள் சக்கரத்தை மாற்றியாக வேண்டும்.

இரண்டு வீடு. வெர்லின் மரை தேய்ந்த போல்ட்டைத் திட்டினார், கெஞ்சினார், எண்ணெய் விட்டார். டயரில் காற்று எவ்வளவு என்று வாரம் ஒருமுறை அளந்து, மட்டப்பலகை வைத்துக் கத்தித் தட்டின் உயரம் பார்க்கிற மனிதர். அவசர வேலை அவருக்குப் பழக்கமே இல்லை.

ஒரு வீடு. நட்டு இறுகியது.

வண்டியைப் பிடித்து, முனகி, எழுந்து, காலிப் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் அவர் உட்கார்ந்தபோது மார்லிஸின் நிழல் காரேஜுக்குள் விழுந்தது.

"வெர்லின், தப்பா நினைக்காதீங்க. ஒரு நிமிஷம் பாத்துக்கறேன்."

குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

வண்டியின் இடது முன்பக்கத்தில் பாதி உடைந்து, ஓரமெல்லாம் கடித்துத் துப்பிய மாதிரி ஒரு சக்கரம் தொங்கியது. சற்றுமுன் அந்த இடத்திலிருந்து கழற்றிய, போன மாதம் வாங்கிய நல்ல சக்கரம் வாளிக்கடியில் பத்திரமாக இருந்தது.

ஆமாம், வெர்லின் அந்தப் புல்லில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. வெட்ட நினைத்தார். ஒவ்வொரு வியாழனும் அவர் காபியைக் குடித்து முடிப்பதற்குள் வேறு யாரோ முந்திக்கொண்டார்கள். அவர் மனைவி போய் நான்கு வருடம் ஆகிறது. மார்லிஸ் ஒரே ஒரு தடவை தன் வாசலுக்கு வர வேண்டும் என்று அவருக்கு அப்படி ஓர் ஆசை. கேக்கெல்லாம் இரண்டாம்பட்சம்.

"அப்ப நீங்கதானா?"

"சேச்சே, நான் இல்லை" என்றார் வெர்லின், முறைப்படி. "இந்த வண்டியா? இது வாசலைத் தாண்டினதே இல்லை."

இரண்டு முறை மறுத்தாகிவிட்டது. மார்லிஸ் துணியை எடுத்தார்.

தட்டில் கேக் இல்லை. பியோனிப் பூக்கள் இருந்தன. சிவப்பு இதழும் தண்டும் விரியாத மொட்டுமாக, பொரியலுக்கு நறுக்கிய மாதிரி.

"எங்க கல்யாண வருஷத்துல ஓரின் வச்ச செடி. நாப்பத்தொரு வருஷம். அது மேலயே ஓட்டிட்டுப் போயிருக்கீங்களே, உங்களுக்குக் கண்ணு இல்லையா?"

வெர்லின் வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லிவிடலாம். இது என் சக்கரமே இல்லை, கண்டெடுத்தது, உங்களிடம் நல்ல பேர் வாங்க இப்போதுதான் மாட்டினேன் என்று. இரண்டு அவமானங்களையும் எடைபோட்டுப் பார்த்தார். பூவைக் கொன்றவன் என்ற பெயர் கொஞ்சம் லேசாக இருந்தது.

"நான்தான். மன்னிச்சிருங்க."

மார்லிஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அடுத்த வருஷம் அது மறுபடி பூக்கற வரைக்கும் உங்க பொறுப்பு. சனிக்கிழமை தவறாம வந்து களை எடுத்து, தண்ணி ஊத்தணும். நான் வராந்தாவுல நாற்காலி போட்டு உட்கார்ந்து பாத்துக்கிட்டே இருப்பேன். டிமிக்கி குடுக்கலாம்னு நினைக்காதீங்க."

தட்டை அவர் மடியில் வைத்துவிட்டு விடுவிடுவென்று நடந்தார்.

வெர்லின் வாளியைவிட்டு அசையவில்லை. பக்கத்து வீட்டு டுவேன் வேலியோரமாக ஒதுங்கி ஒதுங்கி வந்து சேர்ந்தார். தெருவில் நல்லவர் என்று பெயரெடுத்தவர். திங்கட்கிழமை காலையில் திடீரென்று தன் வண்டிக்குச் சக்கரங்களை மாற்றியவர். அவரும் குனிந்து பார்த்தார்.

"யோவ், இது நான் குப்பைத்தொட்டியில போட்டதாச்சே."

வெர்லின் தட்டிலிருந்த இதழ்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டுவேன் தெருவின் இரண்டு பக்கமும் நோட்டம் விட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதுக்கு ஜோடி ஒண்ணு இருக்கு. இதைவிட மோசமா உடைஞ்சது. வேணுமா?"

ஒரு வருடத்துச் சனிக்கிழமைகள். வராந்தாவில் நாற்காலி. அடுத்த வருடம் செடி பூத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். வெர்லின் ஒரு கணம் யோசித்தார்.

"கொண்டு வா" என்றார்.